“மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?”: தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கிராமத்து வீடுகள் போடும் கணக்கு

கேள்வி இதுதான்: நல்ல தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கிராமத்து வீடுகள் காசு கொடுக்கத் தயாராக இருக்கின்றனவா? கணக்கெடுப்பில் “கொடுக்கிறோம்” என்கிறார்கள், குழாய் வந்த பிறகு கட்டணம் வசூலாவதில்லை. அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா?

பெரும்பாலும் பொய் இல்லை. நாம் ஒன்றைப் பற்றிக் கேட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்திருப்போம். “வீட்டு வாசலில் தினமும் தண்ணீர்” என்று சொல்லி விலை கேட்டிருப்போம். வந்தது மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் நள்ளிரவில் சொட்டும் குழாய். முன்னதற்கு ஒப்புக்கொண்ட தொகையைப் பின்னதற்கு ஏன் கட்டவேண்டும்? ஆனால் இது பதிலின் பாதிதான். மற்ற பாதி கொஞ்சம் சங்கடமானது. நாம் “சுத்தம்” என்று எதை விற்கிறோமோ அதற்கு மக்கள் உண்மையிலேயே குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது வேறு சிலவற்றுக்கு.

முதலில், இந்தத் தொகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எண் பிறக்கும் இடத்தைப் பார்க்காமல் எண்ணை நம்பக்கூடாது.

பழைய முறை, நேரில் போய்க் கேட்பது. கேட்பவர் வாசலில் உட்கார்ந்து, வரப்போகும் திட்டத்தை விளக்குவார். பிறகு ஒரு தொகையைச் சொல்லி, “இவ்வளவு என்றால் இணைப்பு எடுப்பீர்களா?” என்பார். ஆமாம் என்றால் ஏற்றிக் கேட்பார், இல்லை என்றால் இறக்கிக் கேட்பார். ஏலம் மாதிரிதான். அந்த வீட்டுப் பெண் உடனே பதில் சொல்வதில்லை. “எந்த நேரத்துக்கு வரும்? மோட்டார் கெட்டால் யார் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் கட்டவில்லை என்றால் அவர்களுக்கும் வருமா?” என்று திருப்பிக் கேட்கிறார். படிவத்தில் இந்தக் கேள்விகளை எழுத இடம் இருக்காது. கேட்பவர் “அதெல்லாம் சரியாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்பார். அந்த ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு சொல்லில்தான் பின்னால் வரும் வசூல் பிரச்சினை முழுவதும் ஒளிந்திருக்கிறது.

இந்த முறைக்குப் பேர்போன ஆரம்ப உதாரணம் தெற்கு ஹைட்டியில் உள்ள லாரான் என்ற கிராமம். டேல் விட்டிங்டன், ஜான் பிரிஸ்கோ என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1980களில் அங்கே வீடு வீடாகக் கேட்டு, 1990ல் முடிவை வெளியிட்டார்கள். எழுத்தறிவு குறைந்த, மிக ஏழ்மையான ஊரில் இப்படிக் கேட்டால் அர்த்தமுள்ள பதில் வருமா என்பதுதான் அன்றைக்கு இருந்த சந்தேகம். வந்தது. பொதுக்குழாய்க்கும் வீட்டு இணைப்புக்கும் அவர்கள் சொன்ன தொகைகள் வருமானத்தில் ஏறக்குறைய 2 சதவீத அளவில் நின்றன. அந்தக் காலத்தில் திட்டம் போடுபவர்கள் கையில் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: வருமானத்தில் 3 முதல் 5 சதவீதம் வரை தண்ணீருக்குக் கட்டிவிடுவார்கள் என்று. யாரையும் கேட்காமலே போட்ட கணக்கு அது. சில ஊர்களில் மக்கள் அதைவிடக் குறைவாகவே தரத் தயாராக இருந்தார்கள். வேறு சில ஊர்களில் தண்ணீர் விற்பவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நைஜீரியாவின் ஓனிச்சா நகரத்தில் வீடுகள் லாரித் தண்ணீருக்கும் குடத் தண்ணீருக்கும் ஓராண்டில் கொடுத்த மொத்தப் பணம், குழாய் அமைப்பை இயக்கிப் பராமரிக்க ஆகும் செலவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காசு இருந்தது, போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

கேட்டு மதிப்பிடுவதில் ஓட்டைகளும் உண்டு. குறைத்துச் சொன்னால் கட்டணம் குறையும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். கூட்டிச் சொன்னால்தான் திட்டமே வரும் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தவர் மனம் கோணக்கூடாது என்று ஆமாம் போடுபவர்களும் உண்டு. விட்டிங்டன் குழு நைஜீரியாவின் இன்சுக்கா பகுதியில் ஒரு சின்னச் சோதனை செய்தது: பாதிப் பேரிடம் உடனே பதில் வாங்கியது, மீதிப் பேருக்கு யோசிக்க அவகாசம் கொடுத்தது. யோசித்தவர்கள் சொன்ன தொகை குறைவாக இருந்தது. யாருக்குத்தான் அப்படி இருக்காது? இராத்திரி வீட்டில் உட்கார்ந்து மற்ற செலவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தொகையும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. பணப்பை ஒருவர் கையில், குடம் இன்னொருவர் இடுப்பில். வீட்டுத் தலைவரைக் கேட்டால் ஒரு தொகை வரும், தண்ணீர் தூக்குபவரைக் கேட்டால் வேறு தொகை வரும். அறிக்கையில் வருவது பெரும்பாலும் முன்னவரின் தொகை.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பதற்குக் கேரளம் சாட்சி. 1988ல் அங்கே கிராமப்புற வீடுகளிடம், குழாய் வந்தால் இந்தக் கட்டணத்துக்கு இணைப்பு எடுப்பீர்களா என்று கேட்டார்கள். 1991ல் குழாய் வந்த பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். 91 சதவீத வீடுகள் விஷயத்தில் முன்கணிப்பு சரியாக இருந்தது. சொன்னதைச் செய்தார்கள். ஏன்? குழாய் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் பார்த்திருக்கிறார்கள். சொன்ன கட்டணமும் நடக்கக்கூடியதாக இருந்தது. தெரிந்த பொருளுக்கு விலை கேட்டால் தெளிவான பதில் வரும்.

இப்போது சங்கடமான பாதிக்கு வருவோம். மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில் மைக்கேல் கிரெமர், எட்வர்ட் மிகுவல் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். வாய் சொல்வதை மட்டும் கேட்காமல், கால்கள் எங்கே நடக்கின்றன என்று பார்த்தார்கள். திறந்து கிடந்த ஊற்றுகளைச் சுற்றிக் கான்கிரீட் கட்டி, தண்ணீர் குழாய் வழியாக வரும்படி செய்தார்கள். எந்த ஊற்றுக்கு முதலில் செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். ஊற்றில் மலக்கிருமி மாசு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சரி, அந்தச் சுத்தமான ஊற்றுக்காக மக்கள் எவ்வளவு தூரம் கூடுதலாக நடக்கிறார்கள்? அந்த நடையை நேரமாகவும், நேரத்தைக் கூலியாகவும் மாற்றினால், சுத்தத்துக்கு அவர்கள் உண்மையில் வைத்திருக்கும் விலை தெரிந்துவிடும். கொஞ்சம் கூடுதலாக நடந்தார்கள், ஆனால் கொஞ்சம்தான். வாயால் கேட்டபோது சொன்ன மதிப்பைவிடவும், சுகாதாரத் திட்டங்கள் ஒரு குழந்தையின் உயிருக்குக் கணக்கில் வைக்கும் மதிப்பைவிடவும் அது மிகவும் கீழே இருந்தது.

அதே வட்டாரத்தில் குளோரின் கரைசல் பல ஆண்டுகளாக விளம்பரத்தோடு கடைகளில் விற்றது. விலையும் அதிகமில்லை. ஆனாலும் பயன்படுத்திய வீடுகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு அதே குளோரினைத் தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே, திருகினால் ஒரு குடத்துக்கு வேண்டிய அளவு விழும் பெட்டியாக, இலவசமாக வைத்தார்கள். சோதனைக் கட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளின் தண்ணீரில் குளோரின் தென்பட்டது. இடைப்பட்டது ஒரு சின்ன விலையும், கடைக்குப் போகும் நடையும், “நாளைக்குப் பார்க்கலாம்” என்ற நினைப்பும்தான்.

இதை வைத்து “மக்களுக்குக் குழந்தையின் உடல்நலத்தில் அக்கறை இல்லை” என்று முடிவுகட்டுவது மடத்தனம். அந்த வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். குளோரின் போட்ட தண்ணீர் வாடை அடிக்கிறது. போட்ட மறுநாள் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கு நாலில் ஒரு பங்கு குறைந்தால்கூட மீதி முக்கால் பங்கு வந்துகொண்டுதானே இருக்கும்? கை வழியாக, ஈ வழியாக, மண்ணில் விளையாடுவதால் வருவதெல்லாம் நிற்காது. ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாயாலும் இந்தச் ‘சதவீதத்தை’ப் பார்க்க முடியாது. ஆயிரம் குழந்தைகளை அட்டவணையில் போட்டால்தான் அது தெரியும். பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கிரெமர் குழு, தண்ணீரைச் சுத்திகரிப்பதால் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு சுமார் நான்கில் ஒரு பங்கு குறையலாம் என்கிறது. அவ்வளவு பெரிய பலன், ஆனால் தனி ஒரு வீட்டின் கண்ணுக்குத் தெரியாத பலன். சந்தை விலையில் அது ஏறாது. இந்த இடத்தில் என் கருத்து உறுதியானது: குளோரினை விற்கக்கூடாது, கொடுக்கவேண்டும். விலை வைத்து வசூலிக்கும் செலவே வசூலாகும் பணத்தைத் தின்றுவிடும்.

அப்படியானால் மக்கள் எதற்குக் கொடுக்கிறார்கள்? முதலில் நேரத்துக்கு. ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 100 லிட்டர். 20 லிட்டர் குடம் 20 கிலோ, அப்படி ஐந்து நடை. போய், வரிசையில் நின்று, திரும்பிவர அரை மணி நேரம் என்றால், நாளுக்கு இரண்டரை மணி நேரம். வேடிக்கை என்னவென்றால், பாதுகாக்கப்பட்ட நீராதாரத்துக்குப் போய்வர வரிசையோடு சேர்த்து 30 நிமிடத்துக்குள் ஆனால், உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில் அந்த வீடு “அடிப்படை வசதி பெற்றது”. புள்ளிவிவரத்தில் பிரச்சினை முடிந்துவிட்டது, இடுப்பு வலி முடியவில்லை. கென்யாவின் உகுண்டாவில் கிணறு, தண்ணீர் விற்கும் சாவடி, வீட்டுக்கே கொண்டுவரும் தள்ளுவண்டி என்ற மூன்றில் வீடுகள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பார்த்தபோது, தண்ணீர் தூக்கும் நேரத்துக்கு அவர்கள் வைக்கும் மதிப்பு சாதாரணக் கூலிக்குப் பக்கத்தில் இருந்தது. சுத்தத்துக்குத் தராத காசை நேரத்துக்குத் தருகிறார்கள்.

அடுத்தது, காசு எப்போது கேட்கப்படுகிறது என்பது. எவ்வளவு என்பதைவிட இது பல சமயம் முக்கியம். கேரள ஆய்வில் மாதக் கட்டணத்தைவிட வீடுகளைத் தடுத்தது இணைப்புக்காக ஒரே தடவையில் கட்டவேண்டிய தொகை. அதைத் தவணையாக்கி மாதக் கட்டணத்தில் சேர்த்தால், மாதக் கட்டணம் ஏறினாலும் இணைப்புகள் கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கம்போடியாவின் கிராமங்களில் மானியமில்லாத கழிப்பறையை ரொக்கத்துக்கு விற்றபோது வாங்க முன்வந்தது 12 சதவீத வீடுகள். அதே விலைக்குக் கடன் வசதி வைத்தபோது 50 சதவீதம். ஒரே கழிப்பறை, ஒரே விலை, அதே மாதிரி வீடுகள். “இவர்களுக்குக் கழிப்பறை வேண்டாம்” என்று எழுதியிருக்கக்கூடிய அறிக்கை, தவணை வந்ததும் தலைகீழாகிறது. அறுவடைக்கு அறுவடை காசு பார்க்கும் வீட்டிடம் மாதாமாதம் கேட்பதும் இதே வகைத் தவறுதான்.

இன்னொரு அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், அழகான முறை. வடக்குக் கானாவில் தண்ணீர் வடிகட்டிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று முதலில் சொல்லிவிடவேண்டும். அதன்பிறகுதான் குலுக்கலில் ஒரு விலை எடுக்கப்படும். வந்த விலை நீங்கள் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால், வந்த விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். அதிகமாக இருந்தால் கிடையாது, “சரி, இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன்” என்று பேரம் பேச முடியாது. கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் நட்டம் உங்களுக்கே, ஆகவே உண்மையைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். பொய்க்கு இடமே இல்லாத இந்த முறையிலும் வந்த தொகை வடிகட்டியின் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அதிகம் கொடுக்கத் தயாராக இருந்த வீடுகள்தான் வடிகட்டியை விடாமல் பயன்படுத்தின, பலனும் அங்கேதான் அதிகம். ஆக, தொகை குறைவாக இருந்தாலும் அதில் ஏதோ ஒரு செய்தி இருக்கிறது, வெறும் சத்தம் இல்லை.

கழிப்பறை வேறு ஜாதி. தண்ணீர் தினமும் வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. கழிப்பறை இல்லாமல் காலம் காலமாக வாழ்ந்திருக்கிறார்கள், அதனால் அது எப்போதும் “அடுத்த வருஷம்” பட்டியலில் இருக்கும். பெனினில் கிராமத்து மக்கள் ஏன் கழிப்பறை கட்டுகிறார்கள் என்று கேட்ட ஓர் ஆய்வில் கௌரவம், விருந்தாளி முன் தலைகுனியாமல் இருப்பது, இருட்டில் பாம்புக்கும் பார்வைக்கும் பயப்படாமல் இருப்பது, வயதானவர்களின் வசதி எல்லாம் வந்தன. நோய் தடுப்பு முன்வரிசையில் இல்லை. ஆனால் நம் சுவரொட்டிகளில் முன்வரிசையில் இருப்பது கிருமிதான்!

கழிப்பறையின் உண்மையான சிக்கல், பலன் பக்கத்து வீட்டுக்குப் போவது. நான் கட்டினால் என் மலம் உங்கள் குழந்தையின் காலில் ஒட்டாது, ஆனால் நீங்கள் கட்டாவிட்டால் உங்களுடையது என் குழந்தையின் காலில் ஒட்டும். பிறகு என் பணத்தை நான் ஏன் போடவேண்டும்? வங்கதேசத்தின் தானோர் வட்டாரத்தில் 380 சிற்றூர்களில், 18,000க்கும் மேற்பட்ட வீடுகளில் பெரிய சோதனை ஒன்று நடந்தது, 2015ல் முடிவு வெளிவந்தது. ஊரைக் கூட்டி உணர்வூட்டுவது மட்டும் செய்த இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நிலமற்ற ஏழைகளுக்கு மானியமும் சேர்த்துக் கொடுத்த இடங்களில், மானியம் பெற்றவர்களிடையே சுகாதாரமான கழிப்பறை வைத்திருப்போர் 22 சதவீதப் புள்ளிகள் கூடினார்கள். மானியம் பெறாத அண்டை வீடுகளிலும் 8.5 புள்ளிகள் கூடியது. “இலவசம் கொடுத்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்” என்ற பழைய பயம் அங்கே பலிக்கவில்லை. பக்கத்து வீட்டில் வந்துவிட்டது என்பதே உந்துதலாக இருந்தது. ஆகவே ஒரு வீடு கழிப்பறைக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது அந்த வீட்டுக்குள் மட்டும் இருக்கும் எண் அல்ல, தெருவோடு சேர்ந்து ஏறி இறங்கும் எண்.

இனி வசூல். கையடிப் பம்பை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பம்பு எந்த நேரத்திலும் வேலை செய்யாமல் கிடப்பதாக 2009ல் மதிப்பிட்டார்கள். ஊர்க் குழு மாதம் தவறாமல் காசு சேர்த்து, பம்பு கெட்டால் ஆள் பிடித்துச் சரிசெய்யும் என்பது ஏற்பாடு. காசு பெட்டியில் சேரும், பம்பு கெடாது, பெட்டியில் உள்ள காசு வேறு அவசரத்துக்குப் போகும். அப்புறம் பம்பு கெடும், காசு இருக்காது. அதற்குமேல் யாரும் கட்டமாட்டார்கள். கென்யாவின் கிட்டுயி பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடியில் அசைவைக் காட்டும் கருவியைப் பொருத்தி, பழுதானது தெரிந்ததும் ஆள் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சராசரியாக 27 நாள் கிடந்த பழுது 3 நாளுக்குள் சரியாகத் தொடங்கியது. அதன்பிறகுதான் முன்கூட்டிக் கட்டணம் கேட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள்: சேவை முதலில், கட்டணம் பிறகு.

கேரள ஆய்வாளர்கள் இதன் எதிர்ப்பக்கத்துக்குத் தாழ்நிலைப் பொறி என்று பெயர் வைத்தார்கள். கட்டணம் குறைவு, அதனால் பராமரிக்கப் பணமில்லை. பராமரிப்பில்லை, அதனால் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. ஒழுங்காக வராததால் இணைப்பு எடுப்பவர்கள் குறைவு. இணைப்பு குறைவாக இருப்பதால் வருமானம் குறைவு. இந்தச் சுற்றில் உள்ள ஒரு வீட்டிடம் போய் “கூடுதலாகக் கட்டுவீர்களா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். அது தண்ணீரின் மதிப்பைப் பற்றிய பதில் அல்ல, தண்ணீர் தரும் வாரியத்தின் மீதுள்ள நம்பிக்கையைப் பற்றிய பதில்.

மழைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். குடத்துக்கு இவ்வளவு என்று விற்கும் இடங்களில், மழை வந்ததும் பாதி வாடிக்கையாளர்கள் குட்டைக்கும் கூரைத் தண்ணீருக்கும் போய்விடுவார்கள். கோடையில் கேட்டு எடுத்த தொகையை 12 மாதத்தால் பெருக்கி வரவுசெலவு போட்டால் அந்தத் திட்டம் முதல் மழையிலேயே படுத்துவிடும்.

நீங்களே ஒரு கணக்கெடுப்பு நடத்தப்போகிறீர்கள் என்றால், என் அனுபவத்தில் சொல்கிறேன்: தொகையைக் கேட்பதற்கு முன், இப்போது தண்ணீருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காசு போகிறது என்று கேளுங்கள். கோடைக்கு ஒரு முறை, மழைக்கு ஒரு முறை கேளுங்கள். தண்ணீர் தூக்குபவரைத் தனியாகக் கேளுங்கள். தரப்போகும் சேவையை அதன் குறைகளோடு சொல்லுங்கள், எந்த நாள், எந்த நேரம், கெட்டால் எத்தனை நாளில் சரியாகும் என்று. ஒரு இரவு யோசிக்க விட்டு மறுநாள் போங்கள். மாதத் தொகைக்கும் முதல் தொகைக்கும் தனித்தனிக் கேள்வி வையுங்கள். கழிப்பறை என்றால், குழி நிரம்பிய பிறகு என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கட்டும்போது இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் குழி அள்ளும் செலவை நினைத்தே கழிப்பறையைப் பூட்டிவைத்து, வருகிற விருந்தாளிக்கு மட்டும் திறந்துவிடும் வீடுகள் இருக்கின்றன. அவையும் உங்கள் படிவத்தில் “கழிப்பறை உண்டு” என்ற கட்டத்தில்தான் விழும்.